சின்ன ஸ்க்ரீன்ல பல்லுப் பல்லா இல்லாம கோடும் வளைவும் கீறுறது

வீட்டுத் தண்ணித் தாங்கியில எவ்வளவு இருக்கு எண்டு காட்டுற மீட்டர்ட முள்ளு ஒருவழியா ஒழுங்கா வந்துட்டு. 2.4 இஞ்ச் ஸ்க்ரீன், 240க்கு 320 பிக்சல், அதுக்குள்ள ஒரு வெள்ளை முள்ளு, முள்ளைச் சுத்தி ஒரு வளைவு, கீழ 24 மணித்தியாலத்து வரைபடம், அதுக்கும் கீழ தமிழ்ல ஒரு வரி. எல்லாம் ஃபோன்ல பாக்கிற மாதிரி வழுவழுப்பா நிக்குது. நல்ல ஸ்க்ரீன் வாங்கினதால இல்ல, அதே மலிவான ஸ்க்ரீன்தான், கீறுற விதத்தை மாத்தினதுதான். இதுல எந்த இடத்தில என்ன குழம்புது எண்டத ஒழுங்கா எழுதி வச்சா இன்னொருத்தருக்கு நேரம் மிச்சம், அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

வீடு மட்டக்களப்பு கல்லடியில. கூரைக்கு மேல 1000 லீட்டர் தாங்கி, அதுக்குள்ள அல்ட்ராசொனிக் சென்சர் ஒண்டு தண்ணி மட்டத்தை அளக்குது, அந்தப் பகுதி முதலே வேலை செஞ்சதால அதைப் பத்தி இஞ்ச பெரிசா சொல்லல்ல. குசினிச் சுவரில ஸ்க்ரீன். முதல்ல வெறும் எண் மட்டும்தான் காட்டிச்சு, "640" எண்டு. அம்மாக்கு எண் வேணாம், தூரத்தில நிண்டு பாத்தா பாதியா முக்காலா எண்டு தெரியணும், அப்ப முள்ளுதான் சரி. முள்ளைப் போட்டதும் அம்மா சொன்ன முதல் சொல்லு, "என்ன மனே, முள்ளு பல்லுப் பல்லா கிடக்கு." அதுலதான் எல்லாம் தொடங்கிச்சு.

சாமான், நான் வாங்கின நேரத்து விலைக்கு: ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கொம்பியூட்டர் சிப் உள்ள போர்ட் 1,750 ரூபா, ஐஎல்ஐ9341 எண்ட சிப் ஓட்டுற ஸ்க்ரீன் 2,600 ரூபா, 5 வோல்ட் 2 அம்பியர் அடப்டர் 650, சுவருக்கு சங்க் பொக்ஸ், வயர், திருகாணி எல்லாம் சேத்து 500க்கு உள்ள. ரெண்டு மெயின் சாமானும் கொழும்பில இருந்து கூரியர்ல வந்தது, அதுக்கு வேற 400. ஸ்க்ரீனும் போர்டும் பேசுறது எஸ்பிஐ எண்ட வயர் இணைப்பில. வேகத்தை 80 மெகாஹேர்ட்ஸுக்கு வச்சா ஸ்க்ரீன் முழுக்க குப்பையா வருது, நீளமான ஜம்பர் வயரோட 40க்கும் இடைக்கிட கோளாறு பண்ணிச்சு, வயரை ஒரு சாண் அளவுக்குக் குறைச்சு ஈயம் வச்சு ஒட்டினதும் 40ல உறுதியா நிக்குது. கடல் கிட்ட இருக்கிற ஆக்கள் கட்டாயம் ஒட்டுங்க, சும்மா குத்தி வச்ச ஜம்பர் பின் உப்புக்காத்துக்குக் கொஞ்ச மாசத்தில பச்சை பிடிச்சிரும்.

முதல்ல ஸ்க்ரீனுக்கெண்டு ஏற்கனவே எழுதி வச்ச ப்ரோகிராம் தொகுப்பில, அதாவது லைப்ரரியில, இருக்கிற சாதாரண கோடு கீறுற ஃபங்ஷனைத்தான் போட்டன். அதுக்குள்ள ஓடுறது பிரெசென்ஹாம் முறை. ஐபிஎம்ல வேலை செஞ்ச ஜக் பிரெசென்ஹாம் 1962ல பேனா வச்சுக் கீறுற பிளொட்டருக்காக உண்டாக்கினது, 1965ல கட்டுரையா வந்தது. வெறும் முழு எண் கூட்டல் கழித்தல் மட்டும்தான், அதனால பயங்கர வேகம். ஆனா அது ஒவ்வொரு கட்டத்தையும் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேக்கும், நிரப்பவா வேணாமா எண்டு. மருதமுனையில தறிக்கு டிசைன் போடுற ஆக்கள் கட்டத்தாள்ல மாங்காய் வளைவைப் படி படியா நிரப்புவாங்க இல்லையா, அதே கதைதான். துணியில நூல் மெல்லிசு, தூரத்தில பாக்கிறம், கண்ணுக்குப் படி தெரியாது. இஞ்ச கட்டம் பெரிசு, கறுப்புல வெள்ளை, படி நல்லா தெரியுது.

நிண்ட இடத்தில படி தெரியிறதை விட முள்ளு அசையிற நேரம்தான் மோசம். கணக்கை ஒருக்கா பாருங்க. முள்ளின்ட நீளம் 90 பிக்சல், வெறுமையில இருந்து நிறைவு வரைக்கும் 240 பாகை சுத்துது, தாங்கி 1000 லீட்டர். அப்ப ஒரு லீட்டருக்கு 0.24 பாகை. 90 பிக்சல் நீளத்துக்கு நுனி அசையிறது 0.38 பிக்சல். பிரெசென்ஹாமுக்கு நுனியை முழு எண்ணாத்தான் குடுக்கேலும், அதனால ரெண்டு மூண்டு லீட்டர் குறையும் வரைக்கும் முள்ளு அப்படியே நிண்டுட்டு மறுகா டக்கெண்டு ஒரு கட்டம் தாவுது, தாவுற நேரம் முள்ளு முழுக்க இருக்கிற படியெல்லாம் இடம் மாறுது, பாக்கிறவருக்கு முள்ளுக்குள்ள பூச்சி ஊருற மாதிரி தெரியும். அரைப் பிக்சல் அசைவைக் காட்ட வேணுமெண்டா பிக்சலுக்கு அரை வெளிச்சம் குடுக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது.

அடுத்தது சியாவுலின் வூட முறை, 1991ல வந்தது. இதுவும் சின்ன வேலைதான். கோடு நெடுக ஒவ்வொரு நிரலிலயும் (மேல இருந்து கீழ போற கட்ட வரிசை) கோடு எந்த உயரத்தில போகுது எண்டு தசமத்தோட பாக்கிறது, உயரம் 57.3 எண்டா 57ஆம் கட்டத்துக்கு 70 வீதம், 58ஆம் கட்டத்துக்கு 30 வீதம். ரெண்டு கட்டம், ரெண்டும் சேந்தா நூறு. எழுதி ஓட்டினதும் முள்ளு உயிர் வந்த மாதிரி மெல்ல மெல்ல அசைஞ்சுது, அந்த நேரம் வேலை முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். ஆனா முள்ளைக் கொஞ்ச நேரம் சுத்த விட்டுப் பாத்தா ஒரு விசயம் உறுத்துது: படுத்துக் கிடக்கிற நேரமும் நட்ட நேர நிக்கிற நேரமும் முள்ளு தடிப்பு, 45 பாகையில மெல்லிசு. காரணம் லேசு. இந்த முறை ஒவ்வொரு நிரலிலயும் நிலைக்குத்தா ஒரு பிக்சல் அளவு வெளிச்சம் போடுது, ஆனா சரிஞ்ச கோட்டின்ட உண்மையான தடிப்பைக் கோட்டுக்குச் செங்குத்தாத்தான் அளக்கணும், 45 பாகையில அது 0.7 பிக்சல்தான் வரும். நிக்கிற கோட்டுக்கு இது பரவாயில்ல. சுத்துற முள்ளுக்கு ஒத்துவராது, மூச்சு விடுற மாதிரி தடிச்சுத் தடிச்சு மெலியுது. அதோட எனக்கு அடி தடிப்பா நுனி கூரா உள்ள முள்ளு வேணும், வூ முறை ஒரு பிக்சல் கோட்டுக்குத்தான்.

அப்பதான் தூரம் பாக்கிற முறைக்கு மாறினன், இப்பவும் அதுதான் ஓடுது. யோசனை இவ்வளவுதான்: கோட்டைச் சுத்தியுள்ள பெட்டிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு பிக்சலையும் எடுத்து, அதின்ட நடுவில இருந்து கோட்டுக்கு எவ்வளவு தூரம் எண்டு பாக்கிறது. கோட்டின்ட அரை அகலத்தோட 0.5 கூட்டி, அதுல இருந்து அந்தத் தூரத்தைக் கழிக்கிறது. வாற எண் 1க்கு மேல போனா 1, 0க்கு கீழ போனா 0, இடையில நிண்டா அதுதான் அந்தப் பிக்சல் மூடப்படுற அளவு. கோட்டின்ட ரெண்டு முனையிலயும் தானாவே உருண்டையா முடியும். கூரான முள்ளு வேணுமெண்டா அடியில அரை அகலம் 3.0, நுனியில 0.8, இடையில பிக்சல் எவ்வளவு தூரத்தில இருக்கோ அதுக்கேத்த அளவு. எந்தப் பாகையில நிண்டாலும் தடிப்பு ஒண்டுதான், சுத்த விட்டுப் பாத்தா இரும்பில செஞ்ச முள்ளு மாதிரி இருக்கு.

இதுல ஒரு இடத்தைக் கவனிக்கணும். பிக்சலின்ட நடு எங்க இருக்கு எண்டத தீர்மானிச்சு எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி வைக்கணும். பிக்சல் 100இன்ட நடு 100 எண்டு வச்சா, உயரம் 100ல 2 பிக்சல் தடிப்பில ஒரு படுக்கைக் கோடு கீறினா என்ன வருது எண்டா, நடு வரி முழு வெள்ளை, மேலயும் கீழயும் அரை வெள்ளை, மூண்டு வரிக்கு மங்கலாப் பரவிக் கிடக்கும். நடு 100.5 எண்டு வச்சா, 99உம் 100உம் முழு வெள்ளை, மற்றது முழுக் கறுப்பு, கத்தியால வெட்டின மாதிரி. அளவு காட்டுற சின்னக் கோடுகள் மங்கலா இருக்கு எண்டு ஸ்க்ரீனைத் திட்டிக்கொண்டு இருந்தன், விசயம் இந்த அரைப் பிக்சல்தான். எனக்கு இப்ப பிக்சல் எண்டா ஒரு கட்டம், அதின்ட மூலை முழு எண்ணில, நடு அரையில. எழுத்துக்கும் வளைவுக்கும் எல்லாத்துக்கும் இதே சட்டம்.

வேகம் அடுத்த தலையிடி. முள்ளு 45 பாகையில நிக்கிற நேரம் பெட்டி ஏறத்தாழ 70க்கு 70, கிட்டத்தட்ட 5,000 பிக்சல், எல்லாத்துக்கும் பெருக்கல் வர்க்கமூலம். ஈஎஸ்பி32க்குள்ள தசம எண்ணுக்குத் தனி ஹார்ட்வேர் இருக்கு, ஆனா அது 32 பிட் தசமத்துக்கு மட்டும்தான். ப்ரோகிராம்ல சும்மா 0.5 எண்டு எழுதினா, ப்ரோகிராமை சிப்புக்கு ஏத்த மாதிரி மாத்துற கொம்பைலர் அதை 64 பிட்டா எடுத்து சொஃப்ட்வேர்ல கணக்குப் போடும், பல மடங்கு மெதுவு. எண்ணுக்குப் பின்னால எஃப் எழுத்தைப் போட்டதும் முள்ளு ஓடத் தொடங்கிச்சு. வர்க்கமூலமும் எல்லாத்துக்கும் தேவையில்ல. தூரத்தின்ட வர்க்கத்தை வச்சே உள்ளுக்க உள்ள பிக்சலையும் வெளிய உள்ள பிக்சலையும் பிரிச்சு எடுக்கலாம், விளிம்பில நிக்கிற கொஞ்சத்துக்கு மட்டும் வர்க்கமூலம் போட்டாக் காணும்.

முள்ளு இருக்கிற பகுதியை நேரா ஸ்க்ரீன்ல கீறினா அழிச்சு அழிச்சுக் கீறுறது மினுங்கும், அதனால மெமரியில கீறி முழுசா அனுப்பணும். ஒரு பிக்சலுக்கு 2 பைட், அப்ப முழு ஸ்க்ரீனுக்கு 240 தர 320 தர 2, அது 1,53,600 பைட். சிப்பில 520 கிலோபைட் மெமரி எண்டு பேர், ஆனா ஒரே துண்டா இவ்வளவு கேட்டா என்ட போர்ட் குடுக்கல்ல. முள்ளு சுத்துற இடத்துக்கு மட்டும் 200க்கு 140 எடுத்தன், 56,000 பைட், 40 மெகாஹேர்ட்ஸ்ல அனுப்ப 11 மில்லிசெக்கன் போல. அதுக்கு மேல வேகம் வேணாம்.

முள்ளைச் சுத்தி உள்ள வளைவு லேசா முடிஞ்சுது. நடுப்புள்ளியில இருந்து பிக்சலுக்குத் தூரம், அதுல இருந்து ஆரையைக் கழிச்சு, வாறது நெகட்டிவா இருந்தா பொசிட்டிவா மாத்தி, அதே சூத்திரம். வளைவின்ட முனையில மட்டும் முனைப்புள்ளிக்குத் தூரம் பாக்கணும்.

ஆனா 24 மணித்தியால வரைபடம் அப்படி லேசா விடல்ல. அது நிறையச் சின்னக் கோடு சேந்த ஒரு நீளக் கோடு. ஒவ்வொரு சின்னக் கோட்டையும் தூர முறையில கீறி ஸ்க்ரீன் நிறத்தோட கலந்தா, ரெண்டு கோடு சந்திக்கிற ஒவ்வொரு மூட்டிலயும் ஒரு மணி கோத்த மாதிரி பளிச்செண்டு புள்ளி. கிட்ட வச்சுப் பாத்தன். மூட்டில விளிம்புப் பிக்சல் ரெண்டு கோட்டுக்கும் சொந்தம். முதல் கோடு அதை அரை வெள்ளையாக்குது, ரெண்டாவது கோடு மிச்சம் இருக்கிற அரையில திருப்பி அரையை எடுக்குது, மொத்தம் 75 வீதம். உண்மையில ரெண்டு கோடும் மூடுறது அதே அரைப் பகுதியைத்தான், 50 வீதமா நிண்டிருக்கணும். கோட்டைச் சின்னதாக்கினா மூட்டு கூடும், மணியும் கூடும். வளைவு வழுவழுப்பா வரட்டும் எண்டு துண்டைக் கூட்டக் கூட்ட கோடு முழுக்கத் தடிச்சுப்போய், ஓரத்தில திருப்பி பல்லு வந்துட்டு.

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த முழு வேலையிலயும் முக்கியமான இடம் இதுதான். நிறத்தோட கலக்கிறதை ஒவ்வொரு துண்டுக்கும் செய்யக்கூடாது. முதல்ல தனியா ஒரு மெமரி, ஒரு பிக்சலுக்கு ஒரு பைட், அதுல நிறமே கிடையாது, எவ்வளவு மூடப்பட்டிருக்கு எண்ட எண் மட்டும். எல்லாத் துண்டையும் அதுக்குள்ள போடு, ஒரே பிக்சலுக்கு ரெண்டு துண்டு வந்தா பெரிய எண்ணை வச்சுக்கொள். கோடு முழுக்க முடிஞ்ச பிறகு கடைசியா ஒரே ஒரு தரம் நிறத்தோட கல. மணியெல்லாம் போய், துண்டு எத்தனை போட்டாலும் ஒரே கோடு. 240க்கு 80 வரைபடத்துக்கு 19,200 பைட்தான் செலவு. இது கோட்டுக்குச் சரி, உள்ளுக்க நிரப்புற உருவத்துக்குச் சரியில்ல: ஒரு பிக்சல்ல இடது பாதியை ஒரு உருவமும் வலது பாதியை இன்னொண்டும் மூடினா பெரியதை எடுத்தா 50, உண்மை 100. அதுக்குக் கூட்டணும். எழுத்து வாற நேரம் இது திருப்பி வரும்.

வரைபடத்தில இன்னொரு குழப்பம். அரை மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிகளை நேர்கோட்டால இணைச்சா முழங்கை முழங்கையா தெரியுது எண்டு கட்மல் ரோம் வளைவு போட்டன், எல்லாப் புள்ளிக்குள்ளாலயும் போகும், பாக்க வடிவு. ஆனா மோட்டரைப் போட்டு தாங்கி நிறையிற இடத்தைப் பாத்தா, கோடு விர்ரெண்டு ஏறி நிறைவுக் கோட்டையும் தாண்டி மேல போய் வளைஞ்சு திருப்பி இறங்குது. 1000 லீட்டர் தாங்கியில 1040 லீட்டர். அம்மா அதைப் பாத்து தாங்கி நிரம்பி வழிஞ்சிட்டு எண்டு வெளிய போய்க் கூரையைப் பாத்திட்டு வந்தா. கீறுற வளைவு பொய் சொல்லக்கூடாது, அது எனக்கு முக்கியம். ஃபிரிட்ச் கார்ல்சன் எண்ட ரெண்டு பேர் 1980ல எழுதின முறை இதுக்குச் சரியா வந்துது: புள்ளிகள் ஏறிக்கொண்டு போனா வளைவும் ஏறிக்கொண்டுதான் போகும், மட்டமா நிண்டா மட்டமா நிக்கும், மேல குதிக்காது. ஒவ்வொரு புள்ளியிலயும் சரிவைக் கணக்கிட்டு, பக்கத்து ரெண்டு துண்டில ஒண்டு மட்டமா இருந்தாலோ ஒண்டு ஏறி ஒண்டு இறங்கினாலோ சரிவைப் பூச்சியமாக்கிறது, மற்றதைக் கூடிப்போகாம குறைக்கிறது. கட்மல் ரோமை விடக் கொஞ்சம் இறுக்கமாத் தெரியும், ஆனா காட்டுறது உண்மை.

இனி வெளிச்சம். பிக்சலின்ட வெளிச்சத்தை 0ல இருந்து 255 வரைக்கும் எண்ணாக் குடுக்கிறது. அரை மூடின பிக்சலுக்கு 255இல பாதி 128 குடுத்தா அரை ஒளி வராது, ஸ்க்ரீன்ல இருந்து வாற ஒளி பாதிக்கு நல்லாக் குறைவு. கொம்பியூட்டர் ஸ்க்ரீன் வழமையில அரை ஒளிக்கு 188 குடுக்கணும். 128 குடுத்த காலம் என்ட வெள்ளை முள்ளின்ட விளிம்பு கறுப்புக்குள்ள அமிழ்ந்து, பல்லு கொஞ்சம் மிச்சமா இருந்திச்சு, முறை சரியா இருந்தும் ஏன் சரியா வரல்ல எண்டு தலையைப் பிய்ச்சன். இந்த மலிவு ஸ்க்ரீனுக்கு 188 சரிவருமோ எண்டதையும் அளந்துதான் பாக்கணும். அதுக்குக் கருவி ஒண்டும் வேணாம். ஸ்க்ரீன்ல ஒரு பாதிக்கு ஒரு வரி வெள்ளை ஒரு வரி கறுப்பு எண்டு மாத்தி மாத்தி நிரப்பு, அதிலிருந்து வாறது சரியா அரை ஒளி. பக்கத்தில சாம்பல் கட்டங்கள், 120, 130, 140 எண்டு 200 வரைக்கும். ஒரு ஆறடி தள்ளி நிண்டு, கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பாத்தா எந்தக் கட்டம் வரிப் பகுதியோட கரைஞ்சு போகுதோ அதுதான் அரை. என்ட ஸ்க்ரீன்ல 170க்கும் 180க்கும் இடையில கரைஞ்சுது. அதை வச்சு 256 எண் உள்ள ஒரு அட்டவணை செஞ்சன், மூடின அளவு உள்ளுக்க போனா போட வேண்டிய எண் வெளிய வரும். கறுப்புக்கு மேல வெள்ளைக்கு மட்டும் ஒரு அட்டவணை காணும், வேற நிறங்களுக்கு ரெண்டு நிறத்தையும் ஒளிக் கணக்குக்கு மாத்தி, கலந்து, திருப்பி மாத்தணும். இப்படிச் செஞ்சதும் வெள்ளை முள்ளு ஒரு துளி தடிப்பாத் தெரிஞ்சுது, அரை அகலத்தில 0.1 குறைச்சன். கறுப்பு எழுத்தை வெள்ளையில போடுற ஆக்களுக்கு இது எதிர்ப்பக்கமா நடக்கும், எழுத்து மெலியும்.

சாம்பல்ல இன்னொரு சின்ன விசயம், நிறையப் பேர் கவனிக்கிறதில்ல. இந்த ஸ்க்ரீனுக்கு 16 பிட் நிறம், சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. பச்சைக்கு 64 படி, மற்றதுக்கு 32 படி. ஒவ்வொண்டையும் தனித்தனியா வெட்டினா சில சாம்பல் படி லேசா பச்சையாவும் சிலது லேசா ரோசாவாவும் நிக்கும், முள்ளின்ட விளிம்பில வானவில் மாதிரி ஒரு அழுக்கு. நான் சாம்பலை முதல்ல 32 படியா வெட்டி, பச்சைக்கும் அதே படியை இரட்டிச்சுக் குடுத்தன். படி பாதியாக் குறைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியல்ல, விளிம்பு சுத்தமாயிட்டு.

இப்ப தமிழ் எழுத்து. லைப்ரரியோட வாற ஃபொண்ட்ல தமிழ் கிடையாது, படமாச் செஞ்சு போடலாம், ஆனா "மோட்டர் ஓடுது", "தண்ணி குறைவு", "தாங்கி நிறைஞ்சிட்டு" எண்டு மூண்டு வரியும் வேற வேற அளவில வேணும், அதோட வளைவு கீறுறதுதான் இவ்வளவு நேரமும் செஞ்ச வேலை, எழுத்தை விட்டுட்டுப் போக மனம் வரல்ல. தமிழை யூனிகோட் வரிசையில ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போட்டா வேலைக்காகாது. "மோ" எண்டா மகரத்துக்கு முன்னால இரட்டைக்கொம்பு, பின்னால கால். "டு", "து" எல்லாம் ஃபொண்டுக்குள்ள தனி உருவம். இந்த ஒழுங்கு படுத்துற வேலையைச் சின்ன சிப்புக்குள்ள செய்யத் தேவையில்ல. லெப்டொப்ல ஹார்ஃப்பஸ் எண்ட மென்பொருளுக்கு வரியைக் குடுத்தா எந்த உருவம், எந்த ஒழுங்கு, எவ்வளவு தள்ளி எண்டு எண்ணாத் தரும். அந்த உருவங்கள்ட புள்ளிகளை பைதன்ல ஃபொண்ட்டூல்ஸ் எண்ட லைப்ரரி வச்சு எடுத்து, சிப்புக்குள்ள வெறும் அட்டவணையாப் போட்டன். மூண்டு வரிக்கும் தேவையான உருவம் எல்லாம் சேந்து சில கிலோபைட்தான்.

ட்ரூடைப் வகை ஃபொண்டில வளைவெல்லாம் மூண்டு புள்ளி பெசியர்: தொடக்கம், முடிவு, நடுவில இழுக்கிற புள்ளி. ரெண்டு இழுக்கிற புள்ளி அடுத்தடுத்து வந்தா அதுக்கு நடுவில ஃபொண்ட் சொல்லாத ஒரு புள்ளி இருக்கு எண்டு அர்த்தம், ரெண்டுக்கும் சரி பாதியில. அதைச் சேக்காம கீறினா "ட" தப்பும், "ணி" நெளிஞ்ச கம்பி மாதிரி வரும். வளைவை எத்தனை துண்டாக்கிறது எண்டதுக்கும் ஊகம் தேவையில்ல. தொடக்கப் புள்ளியோட முடிவைக் கூட்டி, இழுக்கிற புள்ளியை ரெண்டு மடங்கு கழிச்சு, வாற நீளத்தை 0.4ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா, பிக்சல்ல பத்தில ஒரு பங்குக்கு மேல பிழை வராத துண்டு எண்ணிக்கை வரும். 22 பிக்சல் எழுத்தில அந்த நீளம் 6 பிக்சல் போல, அப்ப 4 துண்டு. 80 பிக்சல் பெரிய இலக்கத்துக்கு 8. நான் முதல்ல எல்லாத்துக்கும் 16 போட்டு வச்சிருந்தன், சும்மா வீண்.

நிரப்புறதுக்கு முதல்ல ஒரு பிக்சலை 4க்கு 4 சின்னக் கட்டமாப் பிரிச்சு, எத்தனை உள்ளுக்க எண்டு எண்ணினன். 16 சின்னக் கட்டம், 17 வெளிச்சப் படி. எழுத்துக்குப் பரவாயில்லாம வந்துது, ஆனா "ட"வின்ட அடிக்கோடு மாதிரி படுக்கையா வாற விளிம்பில 5 படி மட்டும்தான் கிடைக்குது, எழுத்து கொஞ்சம் மேல கீழ நகந்தா குதிக்குது, வேகமும் இல்ல. பிறகு பரப்பைக் கூட்டுற முறை. ஃபொண்ட் எழுத்தைக் கீறுற ஃப்ரீடைப் எண்ட மென்பொருள் உள்ளுக்க செய்யிறதும் இதே யோசனைதான். எழுத்தின்ட விளிம்புத் துண்டு ஒவ்வொண்டும் எந்தக் கட்டத்துக்குள்ளால போகுதோ அந்தக் கட்டத்துக்கு ரெண்டு எண் எழுதும்: அந்தக் கட்டத்துக்குள்ள எவ்வளவு உயரம் ஏறிச்சு, விளிம்புக்கு இடது பக்கமா எவ்வளவு பரப்பு. கீழ இறங்கினா கழித்தல். எல்லா விளிம்பும் முடிஞ்ச பிறகு, ஒவ்வொரு வரியிலயும் இடமிருந்து வலம் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போய், அந்தந்தக் கட்டத்தின்ட பரப்பைக் கழிச்சா அந்தப் பிக்சல் சரியா எத்தனை வீதம் மூடியிருக்கு எண்டு வரும். ஊகமில்ல, மாதிரி எடுக்கிறதில்ல, உண்மையான பரப்பு. "ணி"ட சுழிக்குள்ள உள்ள ஓட்டை எதிர்ப்பக்கமாச் சுத்துறதால தானாவே கழிஞ்சு வெறுமையாகும். இங்கதான் கூட்டணும் எண்டு மேல சொன்னன், பெரியதை எடுத்தா எழுத்துக்கு நடுவில கீறல் விழும். வேகம் 4க்கு 4 முறையை விட நல்லாக் கூட, மெமரி ஒரு வரி உயரத்துக்கு மட்டும் காணும்.

முதல் முதல்ல "தண்ணி குறைவு" எண்டு வந்ததைப் பக்கத்தில வச்சுப் பாத்தன், "றை"ட வளைவும் "கு"ட கீழ்ச்சுத்தும் ஒரு இடத்திலயும் உடையாம ஓடுது. ஸ்க்ரீன் ஒண்டுதான், பிக்சலும் அதே பிக்சல்தான், ஆனா அச்சில பாக்கிற எழுத்து. நம்மட எழுத்து முழுக்க வளைவு, பல்லு விழுந்தா மற்ற எழுத்துகளை விட இதுலதான் கூடப் பழுதாகும், அதனால இந்த வேலைக்குச் செலவழிச்ச நேரத்தைப் பத்தி எனக்கு ஒரு கவலையும் இல்ல.

எல்லாம் வழுவழுப்பானதும் புதுசா ஒண்டு வெளிய வந்துது, முள்ளு நடுங்குது. முதல்ல முள்ளு ரெண்டு மூண்டு லீட்டருக்கு ஒருக்காத்தான் தாவினதால சின்னச் சின்ன நடுக்கத்தில பாதி மறைஞ்சு கிடந்திச்சு, இப்ப சென்சர்ட ஒவ்வொரு தடுமாற்றமும் அப்படியே தெரியுது. தாங்கியில ஒரு சென்ரிமீட்டர் எண்டா ஏறத்தாழ 9 லீட்டர், சென்சர் அந்த அளவுக்குத் தடுமாறும். 15 அளவை எடுத்து வரிசைப்படுத்தி நடுவில உள்ளதை மட்டும் வச்சன், மறுகா பழைய மதிப்பில 9 பங்கு புதுசில ஒரு பங்கு எண்டு கலந்தன். அம்மா குளிக்கிற தண்ணி போற வேகத்துக்கு முள்ளு இப்ப மெல்லமா இறங்குது.

அடுத்த தரம் செஞ்சா மெமரி கூடின ஈஎஸ்பி32-எஸ்3 போர்டை எடுப்பன், பீஎஸ்ராம் எண்ட கூடுதல் மெமரி உள்ளது, முழு ஸ்க்ரீனையும் ஒரே துண்டா வச்சுக்கொண்டு பகுதி பகுதியாப் பிரிக்கிற தலையிடி இல்லாம எழுதலாம். ஒளி அட்டவணையை முதல் நாளே செய்வன், கோடு கீற முதல், ஏனெண்டா அது பிழையா இருக்கும் வரைக்கும் எந்த முறை நல்லது எண்டு கண்ணால தீர்மானிக்க ஏலாது. வூ முறையை நிக்கிற மெல்லிய கோட்டுக்கு மட்டும் வச்சிருப்பன். உருண்டை முள்ளு, வளைவு மட்டும் காணும் எண்டிறவங்க இந்த மாதிரி ஸ்க்ரீனுக்கு உள்ள டிஎஃப்டி ஈஎஸ்பிஐ (TFT_eSPI) எண்ட லைப்ரரியில இருக்கிற வழுவழுப்பான கோடு, வளைவு ஃபங்ஷன்களை அப்படியே எடுக்கலாம், நல்லா இருக்கு, நான் சொந்தமா எழுதினது வரைபடத்துக்கும் தமிழுக்குமாகத்தான். தமிழ் போடுற ஆக்களுக்கு ஒரு அளவு: இந்த ஸ்க்ரீன்ல 16 பிக்சலுக்கு "ணி", "ஞ்" ரெண்டும் உள்ளுக்க அடைச்சுப் போகுது, 18க்குத் தப்பும், 22ல இருந்துதான் குசினி வாசல்ல நிண்டு வாசிக்கலாம்.